ஒரே ஒரு ரிகர்சல், 25 பாட்டு: ரிசப்ஷன் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கப் போகிறவருக்கு

கேள்வி இதுதான். கேட்டவர் ஆறேழு வருடமாக வீட்டில் கீபோர்டு வாசிப்பவர், மேற்கத்திய இசைக் கிரேடு தேர்வுகளும் எழுதியிருக்கிறார், மேடை ஏறியதில்லை. நண்பரின் மெல்லிசைக் குழுவில் வழக்கமாக வாசிப்பவரால் வர முடியவில்லை என்று வரும் ஞாயிறு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 25 பாட்டு, மூன்று மணி நேரம். ரிகர்சல் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும். கிட்டார், பேஸ், தபலா, பேட் (எலக்ட்ரானிக் தாளக் கருவி) எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு பாடகர்கள். கீபோர்டு இவர் மட்டும்தான். ஒத்துக்கொள்ளலாமா, ஒத்துக்கொண்டால் இந்த ஐந்து நாளில் என்ன செய்வது என்று கேட்கிறார்.

ஒத்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு மேலாகத் தென்மாவட்டங்களில் கல்யாணம், கோயில் கொடை, ஆண்டு விழா என்று வாசித்துவருகிறேன். முதலில் கிட்டார், பிறகு கீபோர்டு. முழு ரிகர்சல் பார்த்துவிட்டு மேடையேறிய கச்சேரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆடியில் கோயில் புரோகிராம், ஆவணியிலும் தையிலும் கல்யாண புரோகிராம் என்று ஒரே தேதியில் நான்கு குழுக்கள் ஒரே தபலாக்காரரைத் தேடும். மெல்லிசை மேடை இப்படி ஆள் மாறி ஆள் வந்து நடத்துவதுதான். எல்லாருக்கும் பாட்டு தெரியும் என்ற ஒரே பலம் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் சகோதரர்கள் வாசித்தார்கள். அப்படிப்பட்டவர்கள் பழகிய இடம் இது. பயந்து விலக வேண்டிய இடமில்லை, அசட்டையாகப் போக வேண்டிய இடமும் இல்லை.

சரி, எங்கே கவனம் வைப்பது? பாட்டின் நடுவில் யாரும் தொலைந்துபோவதில்லை. பல்லவி ஓடிக்கொண்டிருக்கும்போது தாளமும் சுதியும் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தொடக்கம், பல்லவி முடிந்து பிஜிஎம் (நடுவில் வரும் வாத்திய இசை) எடுக்கும் இடம், பிஜிஎம் முடிந்து சரணத்துக்குள் பாடகர் நுழையும் இடம், முடிவு என இந்த இணைப்புகளில்தான் கச்சேரி உடையும். குறைந்த நேரம் கையில் இருக்கும்போது அந்த நேரம் முழுவதையும் இணைப்புகளுக்கே கொடுங்கள். இதற்குப் பிறகு நான் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இன்றைக்கே லிஸ்ட்டை வாங்கிவிடுங்கள். பாட்டின் முதல் வரி மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே பாடகர் பாடும் கட்டை, அதாவது சுதி, வேண்டும். படத்தில் இருக்கும் சுதியில்தான் பாடுவார் என்று நினைத்துப் பயிற்சி செய்தால் சனிக்கிழமை பாதிப் பாட்டு கைக்கு வராது. பாடகருக்கே போன் போட்டுக் கேளுங்கள். "உங்க லிஸ்ட்டில் எதெல்லாம் ஒரிஜினல் கட்டை, எதெல்லாம் இறக்கிப் பாடுறீங்க?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். இதைக் கேட்கும் வாத்தியக்காரர்கள் குறைவு என்பதால் அந்தப் போனிலேயே உங்கள் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

கிரேடு படித்தவர் என்பதால் கட்டைக் கணக்கு பழகியிருக்க மாட்டீர்கள். ஒரு கட்டை சி. இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை என்றால் சி ஷார்ப், நாலரை என்றால் எஃப் ஷார்ப். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது, ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. அதனால் நான்கு கட்டைப் பாட்டை "அரைக் கட்டை இறக்குங்க" என்று பாடகர் சொன்னால் நீங்கள் போக வேண்டியது மூன்று. "ஒரு கட்டை இறக்குங்க" என்று சொன்னால் அவர் மனதில் இருப்பது மூன்றா இரண்டரையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாலில் நிற்கும் ஆளுக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் வரும்.

சுதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால் ஆயிற்று என்று நினைப்பீர்கள். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது என்ன செய்யும் என்பதை ஒரு ரிசப்ஷனில் முழுசாக அனுபவித்திருக்கிறேன். முந்தைய பாட்டுக்காக மைனஸ் 2 (ஒரு முழுக்கட்டை கீழே) வைத்திருந்தேன். அடுத்த பாட்டின் தொடக்க பிட் என்னுடையது. நான்கு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) தனியாகக் குழல் டோனில் வாசித்தேன். தனியாக வாசிக்கும்போது தப்பே தெரியாது, சுதி எங்கே இருந்தாலும் பிட் அழகாகத்தான் கேட்கும். ஐந்தாவது பாரில் பாடகி என் சுதியைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார், பேஸும் கிட்டாரும் குறித்துவைத்த தாளில் உள்ள கட்டையில் உள்ளே வந்தார்கள். முன்வரிசையில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். கிட்டார்காரர் கையை எடுத்துவிட்டார். பேஸ்காரர் என்னையும் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. பாடகியின் குரலைக் கேட்டபடி இரண்டே பாரில் ஒரு முழுக்கட்டை கீழே இறங்கி அவரோடு சேர்ந்துவிட்டார். பல்லவியின் இரண்டாவது சுற்றுக்குள் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தோம். அந்தப் பாட்டு முழுவதும் ஒரு கட்டை கீழேயே நடந்தது.

அன்றிலிருந்து எந்தப் பாட்டு முடிந்தாலும், கடைசி கார்டை (சேர்த்து அழுத்தும் சுரங்கள்) விட்ட அடுத்த நொடி என் கை போவது டிரான்ஸ்போஸை ஜீரோவுக்குக் கொண்டுவரத்தான். கைதட்டலுக்கு நிமிர்வது அப்புறம். நீங்களும் இதை வீட்டிலேயே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்த பேஸ்காரர் செய்ததை அதைவிட முக்கியமாக மனதில் வையுங்கள்: பாடகர் எங்கே இருக்கிறாரோ அதுதான் அன்றைக்குச் சரியான இடம். தாளும் ஒரிஜினலும் அவருக்குப் பின்னால்தான்.

பழைய பாட்டுகளுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. டேப்பில் பதிவான பாடல்கள் பல நம் கீபோர்டின் 440 ஹெர்ட்ஸ் சுதிக்குச் சரியாக ஒட்டாது, இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். வீட்டில் பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது உங்கள் காதுதான் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கீபோர்டின் டியூனிங்கைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பயிற்சி செய்யலாம், தப்பில்லை. ஆனால் சனிக்கிழமை கிளம்புமுன் பழையபடி 440-க்கு வைத்துவிடுங்கள். மேடையில் கிட்டார், பேஸ், தபலா மூன்றும் உங்களைக் கேட்டுத்தான் சுதி சேர்ப்பார்கள்.

அடுத்தது தாள். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம், கறுப்பு மார்க்கரில், மேடை வெளிச்சத்தில் மூன்றடி தள்ளி இருந்தும் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்து. ஸ்டாஃப் நொட்டேஷன் எழுதி உட்காராதீர்கள். 25 பாட்டுக்கு அது ஐந்து நாளில் நடக்காது, நடந்தாலும் மேடையில் உங்கள் கண் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"கட்டை 2, மைனர். வேகம் 96. தொடக்கம் கிட்டார் 4 பார், குழல் 4 (நான்). பல்லவி 2 முறை, இரண்டாவதில்தான் தபலா. முதல் பிஜிஎம்: வயலின் 8, கிட்டார் 4, குழல் 4, கடைசி அடியில் எல்லாரும் கட். சரணம் எடுப்பு: சமம் தாண்டி. இரண்டாவது பிஜிஎம் வேறு: கோரஸ் 8 (பாடகி), வயலின் 8. முடிவு: முதல் வரி மூன்று முறை."

பாட்டு முழுவதும் இதில் இல்லை, இணைப்புகள் மட்டும்தான் இருக்கின்றன. அது போதும். மெட்டு உங்கள் தலையில் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது.

கார்டுகளை நான் எழுத்தில் எழுதுவதில்லை, சுரத்தில் எழுதுவேன். ச மைனர், நி மேஜர், த மேஜர் என்று எழுதிவைத்தால், பாடகர் சுதியை எங்கே மாற்றினாலும் தாள் மாறாது. ச இரண்டு கட்டை என்றால் அது டி மைனர், சி, பி ஃபிளாட். ஒரு கட்டைக்கு இறங்கினால் சி மைனர், பி ஃபிளாட், ஏ ஃபிளாட். நி என்றால் கைசிகி நிஷாதம், த என்றால் சுத்த தைவதம் என்று உங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் போதும். கிரேடு படித்தவருக்கு முதல் இரண்டு நாள் கொஞ்சம் மெதுவாகப் போகும், மூன்றாம் நாள் கை பழகிவிடும்.

தமிழ்ப் பாட்டுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு பேண்டு பாட்டுகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே பெரும்பாலும் இரண்டு பகுதி தெரிந்தால் பாட்டு முழுவதும் கைக்கு வந்துவிடும். நம் சினிமாப் பாட்டில், குறிப்பாக இளையராஜா பாட்டுகளில், முதல் பிஜிஎம்மும் இரண்டாவது பிஜிஎம்மும் பெரும்பாலும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். 96 வேகத்தில் (நிமிடத்துக்கு 96 அடி) நாலடித் தாளத்தில் 16 பார் என்பது சரியாக 40 விநாடி. கேட்கும்போது சின்னதாகத் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொண்டால் மேடையில் அந்த 40 விநாடி முடியவே முடியாது. எம்.எஸ்.வி. காலப் பாட்டுகளில் வரிக்கும் வரிக்கும் நடுவே பாடகருக்குப் பதில் சொல்லும் குட்டி பிட்டுகள் நிறைய. அதைத் தவறவிட்டால் பாட்டில் ஒரு ஓட்டை விழும். ரஹ்மான் காலத்துக்குப் பிறகு லூப்புகளும் அடுக்கடுக்கான டோன்களும் அதிகம். ஒரு கீபோர்டில் அத்தனையும் வராது, எந்த ஒன்று இல்லாவிட்டால் பாட்டே அடையாளம் தெரியாதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலர் அதற்காக மைனஸ் டிராக் (குரல் இல்லாத பதிவு) ஓடவிட்டு அதன் மேல் வாசிக்கலாம் என்பார்கள். நன்றாகப் பழகிய குழு செய்யட்டும். ஒரு ரிகர்சலில் போகும் குழு செய்யக் கூடாது என்பது என் கருத்து. பாடகர் சரணத்துக்கு இரண்டு பார் முன்னால் வந்துவிட்டால் ஆறு மனிதர்கள் அவரோடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். டிராக் போகாது.

25 பாட்டையும் ஒரே அளவு உழைப்பில் படிக்க முடியாது. முதல் நாள் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுவிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு பாட்டு நாலு கார்டில் ஓடும், உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஏழெட்டுப் பாட்டு பிஜிஎம் மட்டும் பார்த்தால் போதும். மீதி ஐந்தாறு நிஜமாகவே கஷ்டம்: வேகமான வயலின் ஓட்டம், நடுவில் தாளம் மாறுவது, சரணத்தில் சுதி மாறுவது. அந்த ஐந்தாறில் இரண்டை எடுத்துவிடச் சொல்லி நண்பரிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். "இந்த இரண்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் என் கைக்கு நல்லா வராது, அதுக்குப் பதிலா இதை வைக்கலாமா?" என்று மாற்றுப் பாட்டோடு கேட்டால் எந்தக் குழுத் தலைவரும் மறுக்க மாட்டார். கல்யாண வீட்டார் கட்டாயம் கேட்ட பாட்டு என்றால் மட்டும் அதைத் தொடாதீர்கள், அதற்கு உட்கார்ந்து உழைத்துத்தான் ஆக வேண்டும்.

லிஸ்ட் கையில் இருக்கும்போதே பாட்டின் எல்லா வரிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பல்லவி இனிமையாக இருக்கும், இரண்டாவது சரணத்தில் பிரிவும் சாவும் வரும். மணமக்கள் உட்கார்ந்திருக்கும் மேடைக்கு முன்னால் அதைப் பாடினால் வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு கஷ்டப்படும். பாடகர்கள் பெரும்பாலும் பார்த்துக்கொள்வார்கள், அவசரத்தில் சில சமயம் தப்பிவிடும்.

இப்போது சனிக்கிழமை. இரண்டு மணி நேரம் என்றால் 120 நிமிடம். ஒரு பாட்டு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 25 பாட்டை ஒருமுறை நிறுத்தாமல் வாசிக்கவே 125 நிமிடம் ஆகும். முதல் பாட்டை முழுசாக வாசித்து, அது நன்றாக இருக்கிறதே என்று இன்னொரு முறை வாசித்து, டீ குடித்து, பத்தாவது பாட்டிலேயே நேரம் முடிந்துபோகும் ரிகர்சல்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். அதனால் போனதும் நண்பரிடம் சொல்லுங்கள்: முழுப் பாட்டு வேண்டாம். தொடக்கத்திலிருந்து பல்லவி முதல் வரி வரை. பல்லவி கடைசி வரியிலிருந்து முதல் பிஜிஎம், சரணம் முதல் வரி வரை. இரண்டாவது பிஜிஎம். முடிவு. ஒரு பாட்டுக்கு நாலு நிமிடம் வைத்தால் 100 நிமிடத்தில் 25-ம் முடியும். மீதி 20 நிமிடம் அந்தக் கஷ்டமான மூன்று நான்கு பாட்டுக்கு.

தொடக்கத்தில் ஒரே கேள்வி: யார் எண்ணுவது? பெரும்பாலும் பேட்காரரோ டிரம்ஸ்காரரோ குச்சியைத் தட்டி எண்ணுவார். கீபோர்டு தனியாகத் தொடங்கும் பாட்டில் வேகம் உங்கள் பொறுப்பு. மேடையில் எல்லாருக்கும் ரத்த ஓட்டம் கூடிவிடுவதால் வேகமும் கூடும். தாளில் வேகத்தை எண்ணாக எழுதச் சொன்னது இதற்காகத்தான். போனில் மெட்ரோனோமைச் சத்தமில்லாமல் வைத்து விளக்கு மட்டும் சிமிட்டும்படி கீபோர்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, தொடங்குமுன் இரண்டு பார் அதைப் பாருங்கள்.

எடுப்பைத் தனியாகக் கவனியுங்கள். எத்தனையோ பாட்டு சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்குவதில்லை, அரை அடி தள்ளியோ ஒன்றரை அடி தள்ளியோ எடுக்கும். பாடகர் எடுத்ததையே முதல் அடி என்று நினைத்துக் கார்டு போட்டால் பல்லவி முழுவதும் நீங்கள் தாளத்துக்குக் குறுக்கே போய்க்கொண்டிருப்பீர்கள். இப்படி ஒரு பாட்டு லிஸ்ட்டில் இருந்தால், வாத்தியத்தைத் தொடாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நீங்களே பாடிப் பாருங்கள். வாய்ப்பாட்டு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலத்தான். இரண்டு முறை பாடினால் பிடிபட்டுவிடும், பத்து முறை வாசித்தும் பிடிபடாது.

முடிவுக்கு வருவோம். பதிவில் பல பாட்டுகள் மெல்லத் தேய்ந்து முடியும், மேடையில் அப்படித் தேய முடியாது. பல்லவியின் முதல் வரியை மூன்று முறை சொல்லி, மூன்றாவதில் வேகத்தைக் குறைத்து, கடைசி எழுத்தில் எல்லாரும் சேர்ந்து நிறுத்துவது என்று பொதுவாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேறு விதமாக முடியும் பாட்டுகளை மட்டும் தனியாகக் குறித்தால் போதும். முடிவு ஒழுங்காக விழுந்தால் நடுவில் நடந்த சின்னத் தப்புகள் கேட்பவர் மனதில் தங்காது. ஒரு கச்சேரியை நன்றாகப் பழகிய குழு என்று நினைக்கவைப்பது முடிவுதான்.

ரிகர்சலில் முடிவு செய்ய வேண்டிய இன்னொன்று, எந்த பிட் யாருக்கு என்பது. ஒரிஜினலில் முப்பது வயலின், குழல், சிதார் எல்லாம் இருக்கும். உங்கள் குழுவில் கீபோர்டும் கிட்டாரும்தான். சிதார் பிட்டைக் கிட்டார்காரர் எடுப்பார் என்று நீங்களும், நீங்கள் எடுப்பீர்கள் என்று அவரும் இருந்தால் அங்கே தபலா மட்டும் கேட்கும். இருவரும் எடுத்தால் இன்னும் மோசம். குழல் முடிந்த அதே அடியில் வயலின் தொடங்கும் இடங்களில் டோன் மாற்ற உங்களுக்கு நேரம் இருக்காது. ஸ்பிளிட் வைத்து இடது பக்கம் வயலின், வலது பக்கம் குழல் என்று பிரித்துவைக்கலாம், அல்லது ஒன்றைக் கிட்டாருக்குக் கொடுத்துவிடலாம். எதை விடுவது என்று குழப்பம் வந்தால் ஜனங்கள் வாயால் முணுமுணுக்கும் பிட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக வீட்டில் வாசித்துப் பழகியவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கும், அதை இந்த வாரமே விட வேண்டும். இடது கையில் பேஸ், வலது கையில் கார்டு, நடுவில் மெட்டு என்று எல்லாவற்றையும் நீங்களே வாசிப்பீர்கள். குழுவில் பேஸ் கிட்டார் இருக்கும்போது உங்கள் இடது கை கீழே போகக் கூடாது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு பாட்டே பாடும், அதன் மேல் உங்கள் இடது கை விழுந்தால் இரண்டும் சேர்ந்து சேறாகிவிடும். கீபோர்டு தானாகத் தாளம் போடும் ஆட்டோ ஸ்டைல் முழுவதையும் அணைத்துவிடுங்கள், பேட்காரர் இருக்கிறார். பாடகர் பாடும்போது அவருடைய மெட்டைக் கூடவே வாசிக்காதீர்கள். நீளக் கார்டு பிடித்து உட்காருவது முதலில் ஒன்றும் செய்யாதது போல இருக்கும். முன்னால் நின்று கேட்டுப் பாருங்கள், அந்தக் கார்டுதான் பாட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆடியோக்காரர் ஒயர் இழுக்கும்போதே மண்டபத்தில் இருங்கள். கால் இன்ச் ஜாக் கேபிள் இரண்டு, கீபோர்டின் அடாப்டர், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தாளைக் காற்றில் பிடிக்க நாலு துணி கிளிப். இதெல்லாம் சொந்தமாக இருக்கட்டும். கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் எதிரொலிக்கும் கூடம். கீபோர்டின் ரிவெர்பை எடுத்துவிடுங்கள், சஸ்டெயின் பெடலைக் குறைவாக மிதியுங்கள். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தால் அதில் பாடகர் குரலும் உங்கள் கீபோர்டும் கேட்டால் போதும் என்று ஆடியோக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றக்கூடியவர் அவர், அண்ணே என்று கூப்பிட்டுப் பேசுவதில் ஒன்றும் குறையாது. உட்காரும் இடத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்காரரின் கையும் பாடகரின் முகமும் தலையைத் திருப்பாமல் தெரிய வேண்டும். பூ அலங்காரத் தூணுக்குப் பின்னால் இடம் கொடுத்தால் ஸ்டாண்டை நகர்த்திக்கொள்ளுங்கள்.

பார்வை இவ்வளவு முக்கியம் ஏனென்றால் மேடையில் பேச முடியாது. எங்கள் குழுவில் பாடகர் முதுகுக்குப் பின்னால் இடது கையால் சைகை காட்டுவார். விரல்களை நீட்டினால் அடுத்த பாட்டின் கட்டை, கடைசி விரலை மடக்கிக் காட்டினால் அரை. கையைச் சுழற்றினால் அதே பிஜிஎம்மை இன்னொரு சுற்று. முஷ்டியை மூடினால் முடிவு. உங்கள் குழுவில் வேறாக இருக்கும். சனிக்கிழமை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாடகர் தவறிப்போய் முன்னாலேயே சரணத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வது? பிஜிஎம்மை முடித்தே தீருவேன் என்று நிற்காதீர்கள். கையைத் தூக்கிவிடுங்கள். தபலாக்காரர் ஒரு சின்ன உருட்டு போட்டுச் சமத்தைக் காட்டுவார், அந்தச் சமத்தில் பேஸ் ச-வைப் பிடிப்பார், நீங்கள் அதன் மேல் கார்டு வையுங்கள். மூன்று விநாடியில் எல்லாம் சேர்ந்துவிடும். அந்த மூன்று விநாடி தேடித் தேடி விசையைத் தட்டுவதுதான் வெளியே கேட்கும். எந்தக் கார்டு என்று தெரியாத எந்த இடத்திலும் இதே வழிதான்: வாசிக்காமல் இருங்கள், பேஸைக் கேளுங்கள், அடுத்த பாரில் உள்ளே வாருங்கள். முகத்தைச் சுளித்துப் பக்கத்து ஆளைப் பார்க்காதீர்கள், தப்பு யாருடையதாக இருந்தாலும்.

ரிசப்ஷனில் லிஸ்ட்டில் இல்லாத ஒன்று கட்டாயம் நடக்கும். மாப்பிள்ளையின் மாமா பாட வருவார். கரோக்கியில் பாடிப் பழகியிருந்தால் ஒரிஜினல் சுதி அவருக்குச் சரியாக வரும், அதையே கொடுங்கள். இல்லையென்றால் மைக்கை வாங்கும் முன்பே பக்கத்தில் கூப்பிட்டு, "முதல் வரியைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க சார்" என்று கேளுங்கள். வரி எந்த சுரத்தில் போய் உட்காருகிறது என்று கேட்டால் ச பெரும்பாலும் அதுதான். அந்தக் கார்டை ஒரு பார் மெதுவாகப் பிடித்துக் காட்டிவிட்டுத் தலையசையுங்கள். அதையும் கேட்காமல் அவர் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டால், முதல் வரியைத் தனியாகவே பாட விடுங்கள். தபலா முதலில் சேரட்டும், அப்புறம் பேஸ், கடைசியில் நீங்கள். அவர் சந்தோஷமாகப் பாடி முடிப்பது அந்த வீட்டுக்கு உங்கள் கஷ்டமான பிஜிஎம்மைவிட எவ்வளவோ பெரிய விஷயம். அவரை நன்றாகப் பாடவைத்த குழுவைத்தான் அடுத்த கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள்.

துண்டுச் சீட்டில் பாட்டு கேட்டு வருவார்கள். தெரிந்தால் வாசியுங்கள், பாதி தெரிந்தால் பல்லவியும் ஒரு சரணமும் போதும் என்று பாடகரிடம் சொல்லிவிட்டு வாசியுங்கள். மணமக்கள் மேடைக்கு வருவதற்கோ கேக் வெட்டுவதற்கோ நடுவில் பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், அதற்குத் தயாராக மெதுவான ஒரு எட்டு பார் பிட் எதையாவது கையில் வைத்திருங்கள். திறந்தவெளி மேடை என்றால் நேரத்தையும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. ஆட்டம் போடும் பாட்டுகளைக் கடைசிக்கு என்று வைத்துவிட்டு அதற்கு முன்பே நிறுத்தச் சொன்னால் எல்லாருக்கும் ஏமாற்றம். ஒன்பதரைக்குள் அவை முடியும்படி லிஸ்ட்டை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

சாப்பாடு? தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். நடுவில் பந்தி கிடைக்காது, முடிந்த பிறகு பெரும்பாலும் ரசம்தான் இருக்கும்.

கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது தாள்களைக் கசக்கிப் பையில் போட்டுவிடாதீர்கள். எந்தப் பாட்டில் கட்டை மாறியது, எந்த பிஜிஎம்மைக் குறைத்து வாசித்தீர்கள், எங்கே முடிவு சரியாக விழவில்லை என்பது அன்றைக்கு ராத்திரி மட்டும்தான் தெளிவாக ஞாபகம் இருக்கும். வண்டியில் உட்கார்ந்தபடியே சிவப்புப் பேனாவில் குறித்துவிடுங்கள். இந்த 25-ல் 15 பாட்டு அடுத்த புரோகிராமிலும் வரும். அந்த அழைப்பு வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து, கச்சேரி சனிக்கிழமையாகக்கூட இருக்கலாம்.